திறக்காத நாற்பத்தெட்டுப் பக்கங்கள்

எங்கள் கல்லூரிச் சிற்றாலயத்தில் காணிக்கைப் பை சுற்றி வரும்போது சில ஞாயிறுகளில் அதில் ஒரு சீட்டும் போடுவோம். வாசிப்புச் சீட்டு என்று பெயர். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இந்தப் புத்தகத்தில் நூற்றுக்கு இத்தனை பங்கை நான் கவனத்தோடு படித்தேன் என்று ஆண்டவருக்கு முன்பாகச் சொல்கிறேன் என்று சைக்ளோஸ்டைல் செய்திருக்கும். எண்ணை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு நாலாக மடித்துப் பையில் போட வேண்டும். யாரும் சரிபார்க்க மாட்டார்கள். நூறு என்று எழுதினால் அந்தப் பாடத்தில் இருபது மதிப்பெண் அப்படியே வந்துவிடும். எண்பது என்று எழுதினால் பதினாறு.

சேலத்தில் இப்போது என்னோடு வேலை செய்யும் ஆசிரியைகளிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். நூறு என்று போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று சிரித்தார்கள். பத்தொன்பது வயதில் யாராவது என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் அந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். வேதமும் கல்வியியலும் சேர்த்து மூன்று வருடப் படிப்பு. முடித்தவர்கள் மிஷன் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் வேலைக்குப் போவார்கள். சேர்ந்த அன்றே கையில் கொடுத்த விதிப் புத்தகத்தை நான் கதைப் புத்தகம் மாதிரி ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அறைகளுக்குப் பூட்டு கிடையாது. பரீட்சை அறையில் கண்காணிப்பாளர் கிடையாது. கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் போய்விடுவார், மணி அடித்தால் நாமே பேனாவை மூடி வைக்க வேண்டும். பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பாதையில் விழுகிற ஆரஞ்சைக்கூட எடுக்கக் கூடாது. எனக்கு இதெல்லாம் அவ்வளவு பிடித்திருந்தது. முதல் மாதத்திலேயே, பாதையில் கிடந்த இரண்டு ஆரஞ்சைப் பொறுக்கிக்கொண்டு போய் எஸ்டேட் காவல்காரரிடம் ஒப்படைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்புள்ள, ஆரஞ்சு தின்னா நரகம்னு சொல்லிக்குடுக்கறாங்களா உங்க காலேஜுல?"

சொல்லிவிட்டு அந்த இரண்டோடு இன்னும் நாலைப் பறித்து என் தாவணியில் போட்டு அனுப்பினார். அந்த ஆறையும் என்ன செய்வது என்று தெரியாமல் சாயங்காலம் வரை கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். என் அறைத்தோழிதான் ஒவ்வொன்றாக உரித்துத் தின்று பிரச்சினையைத் தீர்த்தாள். அவள் தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். என் அவசரத்துக்கு நேர் எதிரான நிதானம் அவளுக்கு.

வாசிப்புச் சீட்டைக் கொண்டுவந்தவர் எங்களுக்குக் கிறிஸ்தவ ஒழுக்கவியல் நடத்திய ஆசிரியர். எல்லாரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வருடத்துக்கு முன் கல்லூரிக்கு வந்தவர். மெலிந்த உடம்பு, சாம்பல் நிற ஸ்வெட்டர், மழையென்றாலும் மாரமங்கலம் வரை நடந்தே போய்ச் சபையைப் பார்த்துவிட்டு வருவார். அவரிடம் எனக்குப் பிடித்தது, தன் தப்பைத் தானே சொல்வார். வெள்ளக்கடையில் ஒரு நோயாளியைப் பார்க்க வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோனதை ஒருநாள் வகுப்பில் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. நான் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். யாரும் பார்க்காத அறையில் நீ யாரோ அதுதான் நீ என்பார். அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: வருடத்துக்கு ஒருவரைப் பெங்களூருக்கு மேற்படிப்புக்கு அனுப்பலாம், இந்த வருடம் உன் பெயரை எழுதப்போகிறேன், பரிந்துரைக் கடிதம் நானே தருவேன் என்று. அதற்கப்புறம் எனக்குக் கால் தரையில் இல்லை. அந்த மலையில் மூன்று வருடமே எனக்குப் போதும் என்றிருந்தது. இன்னும் பெரிய நூலகம் வேண்டும், இன்னும் கேள்வி கேட்கிற வகுப்பு வேண்டும். பெங்களூர் பஸ் எங்கே நிற்கும் என்பதுவரை விசாரித்துவிட்டேன்.

அந்த வருடம் ஒழுக்கவியலுக்குப் பாடமாக இருந்தது ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம். வெளிநாட்டில் யாரோ நன்கொடையாக அனுப்பியது, நீலத் துணி அட்டை, இருநூற்று ஐம்பத்தாறு பக்கம். நூலகத்தில் இருந்ததே ஒரு பிரதிதான். ஐயா வந்த நாளிலிருந்து அதே புத்தகம், அதே பிரதி. வகுப்பில் பதினாலு பேர். ஆளுக்கு நாலு நாள் என்று முறை போட்டு அறைக்கு எடுத்துப் போகலாம். முறை முடிந்த அடுத்த ஞாயிறு சீட்டைப் பையில் போட வேண்டும். என் முறை வந்த வாரம் எனக்கு அம்மை போட்டுவிட்டது. தனியறையில் படுத்துக் கிடந்தேன். அதனால் நான் கடைசி ஆளானேன். அதற்குள் மற்ற பதின்மூன்று பேரும் நூறு போட்டுவிட்டார்கள். ஐயா வகுப்பில் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். இன்னும் ஒருத்திதான் பாக்கி, அவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை என்றார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் அத்தியாயங்களில் பென்சில் கோடுகள் நிறைய இருந்தன. பக்கம் எழுபதுக்கு மேல் கோடு குறைந்தது. நூற்றைம்பதுக்குப் பிறகு சுத்தமாக இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து இருநூற்றெட்டைத் தாண்டினேன். அடுத்த தாளைத் திருப்பினால் நாலைந்து தாள் ஒன்றாகச் சேர்ந்து திரும்பியது. ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து ஊதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அந்தக் காலத்துப் புத்தகங்களில் பெரிய தாளை அச்சடித்து, மடித்து, தைத்து, ஓரத்தை வெட்டாமலே அனுப்பிவிடுவார்கள். வாங்குகிறவர் கத்தியால் கீறித் திறந்துகொள்ள வேண்டும். முன்பகுதியை யாரோ எப்போதோ கீறியிருக்கிறார்கள். இருநூற்றொன்பதிலிருந்து கடைசி வரை மூன்று கட்டு, நாற்பத்தெட்டுப் பக்கம், மடிப்பு மடிப்பாகவே இருந்தது. விரலை விட்டால் பை மாதிரி அகன்றது. உள்ளே எட்டிப் பார்த்தால் அரைவரி கால்வரி தெரிந்தது. அதை யாரும் படித்திருக்கவே முடியாது.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஸ்கேலை எடுத்து மடிப்புக்குள் விட்டுக் கீறப் போனேன். அப்போதுதான் பதின்மூன்று பேர் ஞாபகம் வந்தது. ஸ்கேலை வெளியே எடுத்துவிட்டேன். துணி துவைத்துவிட்டு வந்த அறைத்தோழியிடம் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மடிப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"தெரியும். மூடி வெய்யி."

"தெரியுமா? நீ நூறு போட்டியே."

"எல்லாருந்தான் போட்டாங்க. எனக்கு முன்னாடி எட்டுப் பேரு நூறு போட்டிருக்காங்கன்னு ஐயாவே வகுப்புல சொன்னாரு. நான் மட்டும் எண்பதுன்னு எழுதுனா என்ன அர்த்தம்? அந்த எட்டுப் பேரும் பொய்யின்னு அர்த்தம். நான் எதுக்குப் புள்ள அவங்களக் காட்டிக்குடுக்கோணும்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக அந்தப் பக்கம் வரை வந்திருக்கிறார்கள், அல்லது வராமலே இருந்திருக்கிறார்கள். வந்தவர்கள் மடிப்பைப் பார்த்து, முன்னால் கையெழுத்துப் போட்டவர்களை நினைத்து, மூடி வைத்து, நூறு என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அன்பினாலேதான் செய்ததாக அவள் உண்மையாகவே நம்பினாள்.

கொடிக்கயிற்றில் கிளிப்பு மாட்டிக்கொண்டே அவள் இன்னொன்றும் சொன்னாள். "ஆறு வருசமா இதே புக்கு. ஐயாவே படிக்கல. நாம என்னத்த."

நான் கத்திவிட்டேன். ஐயா வேறு பிரதியில் படித்திருப்பார், அவர் படித்த கல்லூரியில் இருந்திருக்கும், உனக்கு எல்லாரும் உன்னை மாதிரித்தான் என்று நினைப்பு என்றேன்.

அன்று சாயங்காலமே புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஐயாவின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வாசலில் அவர் மனைவி மிளகைப் பாயில் காயவைத்து அள்ளிக்கொண்டிருந்தார். ஒரு வேடிக்கையைச் சொல்லப் போகிறவள் மாதிரித்தான் போனேன். உண்மையில் என் மனதில் ஓடியது என்னவென்றால், இதைச் சொன்னால் ஐயா அடுத்த வகுப்பில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுவார், எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள், அழுவார்கள், ஜெபிப்பார்கள், கல்லூரியே புதுசாகிவிடும் என்று.

அவர் புத்தகத்தை வாங்கினார். இருநூற்றெட்டுக்கு நான் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. கட்டைவிரலால் மடிப்பைத் தடவிக்கொண்டே நின்றார். நான் காத்திருந்தேன். வேறு பிரதியில் படித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சத்தியமாக நம்பியிருப்பேன். நானே வழியில் அவருக்காக அதைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

"வேற யாருகிட்டயாவது சொன்னியாம்மா?" என்று கேட்டார்.

அறைத்தோழியிடம் காட்டியதைச் சொன்னேன். சரி, புத்தகம் இங்கே இருக்கட்டும், மூன்று நாள் யாரிடமும் பேசாதே, நான் ஜெபித்து ஒரு முடிவுக்கு வருகிறேன் என்றார். தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்பினார். மூன்று நாளும் நான் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள் வகுப்பில் அவர் பாடம் எடுக்கவில்லை. விசுவாசிகளுக்குள் சந்தேகத்தை விதைப்பதைப் பற்றிப் பேசினார். உடன்பிறந்தவர்களை வேவு பார்க்கிற மனதைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லவில்லை. கோபமாகவும் பேசவில்லை. நான் பாதி நேரம் வரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களா? அவர் யாரைச் சொல்கிறார் என்பது பக்கத்து பெஞ்சில் இருந்தவள் தன் நோட்டை என்னிடமிருந்து நகர்த்தியபோதுதான் எனக்கு உறைத்தது.

மத்தியானம் ஒழுங்குக் குழு கூப்பிட்டது. முதல்வர், விடுதிக் காப்பாளர் அம்மா, ஐயா. மேஜை மேல் நீலப் புத்தகம். சக மாணவர்கள் பதின்மூன்று பேரும் பொய்க் கையெழுத்துப் போட்டதாக நான் அவதூறு பரப்புகிறேன் என்று முதல்வர் சொன்னார். நான் அவதூறு இல்லை என்றேன், புத்தகத்தையே பாருங்கள் என்றேன். அவர் அதை என் பக்கம் தள்ளினார்.

"எந்தப் பக்கம்னு காட்டும்மா."

திருப்பினேன். இருநூற்றொன்பது, பத்து, பதினொன்று, எல்லாம் தனித்தனித் தாளாகத் திறந்தன. கடைசிப் பக்கம் வரைக்கும். முன்பக்கத் தாள்களின் ஓரம் டீத் தண்ணி நிறத்தில் பழுத்திருந்தது. இந்த மூன்று கட்டின் ஓரம் மட்டும் வெள்ளை வெளேரென்று, பஞ்சு பஞ்சாக, இப்போதுதான் கீறியது. ஓரிடத்தில் பிளேடு வழுக்கி எழுத்துக்குள்ளேயே போயிருந்தது. நான் அதைச் சொன்னேன். காப்பாளர் அம்மா விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பழைய புத்தகம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார் முதல்வர்.

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், ஜெபிக்கிறவர் மாதிரி.

என் அறைத்தோழி பார்த்தாள், அவளைக் கேளுங்கள் என்றேன். கூப்பிட்டார்கள். வந்து கதவோரம் நின்றாள். மடித்திருந்த பக்கத்தை அவளிடம் காட்டினேனா என்று முதல்வர் கேட்டார்.

"நான் சரியாப் பாக்கலீங்கய்யா. துணி காயப்போட்டுட்டிருந்தனுங்க."

அவள் போனதும் ஐயா கண்ணைத் திறந்தார். மென்மையாகத்தான் பேசினார். நல்ல பெண், அம்மை வந்து எழுந்த உடம்பு, தலை தெளியாமல் ஏதோ பார்த்திருப்பாள், இதனால் இவள் எதிர்காலம் கெடக் கூடாது என்றார். தவறாகப் பார்த்துவிட்டேன், வருந்துகிறேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் பெங்களூருக்குத் தானே பொறுப்பு என்றார். பெங்களூர் என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஒரு மணி நேரம் கொடுத்தார்கள்.

நூலகத்துக்குப் போனேன். அங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர் சேலத்துக்காரர், வயசானவர், நெற்றியில் திருநீறு. எங்கள் சீட்டு, பை, குழு எதிலும் அவருக்குச் சம்பந்தமில்லை. வெள்ளைத்தாள் கேட்டேன். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

"ஏனுங் கண்ணு, அந்த நீல புக்கு விசயமுங்களா?"

தலையாட்டினேன்.

"முந்தாநாளு ஐயா வந்து எங்கிட்டத்தான் பிளேடு கேட்டு வாங்குனாருங்க. அந்த மேசைலயே உக்காந்து கீறுனாரு. பேப்பர் தூளெல்லாம் நாந்தான் கூட்டுனேன். கேட்டா சொல்லியிருப்பேனுங்க. என்னைய யாருங் கேக்கல."

கேட்டா சொல்லியிருப்பேன் என்கிறார். எழுந்து நாற்பது அடி நடந்தால் குழு அறை. இவரைக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு வேலை போய்விடும், குடும்பஸ்தர், எதற்கு அவரை இழுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதையே ரொம்ப வருடம் மற்றவர்களிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்குப் பெங்களூர் வேண்டியிருந்தது. தாளில் ஆறு வரி எழுதினேன். நான் தவறாகப் பார்த்துவிட்டேன். என் சகோதர சகோதரிகளின் மனதைப் புண்படுத்தியதற்கு வருந்துகிறேன். கையெழுத்து அழகாகவே வந்தது.

கொடுத்த பிறகுதான் இன்னொன்று புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் சீட்டுப் போட வேண்டும். அந்த நாற்பத்தெட்டுப் பக்கத்தை நான் படிக்கவில்லை. புத்தகமே திரும்பி என் கைக்கு வரவில்லை. எண்பத்தொன்று என்று எழுதினால், ஏன் மீதியைப் படிக்கவில்லை என்ற கேள்வி வரும், அன்று கொடுத்த கடிதம் பொய்யாகிவிடும். நூறு என்று எழுதினேன். வெல்வெட் பை வந்தது, உள்ளே கைவிட்டுப் போட்டேன், பக்கத்தில் இருந்தவளுக்குப் பையை நகர்த்தினேன்.

அன்று சாப்பாட்டு மேஜையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அந்த வகுப்பிலிருந்து என்னோடு பேசாதவர்கள் ரசத்தைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்கள். அறைத்தோழி என் தட்டில் தன் பங்கு அப்பளத்தை வைத்தாள். "கோவமா?" என்று மெதுவாகக் கேட்டாள். வருகிற லீவுக்குத் தங்கள் ஊட்டுக்கு வரச் சொன்னாள், காபி பூத்திருக்கும், நொம்ப வாசமாக இருக்கும் என்றாள். அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. எல்லாரும் போட்டதுதான் என்று முதல் நாளே சொன்னாள். யாரும் பார்க்காத அறையில் நீ யாரோ என்று அவள் எனக்குச் சொல்லித் தரவில்லை.

படிப்பு முடிந்த வாரம் பரிந்துரைக் கடிதம் வாங்க ஐயாவின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். டைப் அடித்து, உறையை ஒட்டாமல் வைத்திருந்தார். அங்கேயே படிக்கச் சொன்னார். என் உழைப்பைப் பற்றி, வேகத்தைப் பற்றி எழுதியிருந்தார். நேர்மையைப் பற்றியும் ஒரு வரி. மடித்து உள்ளே வைத்தேன். அவர் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். உறையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"என் மேல உனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையேம்மா?"

எனக்கு இன்றைக்கும் தெரியாது, அவர் அப்போது என்ன பதிலை எதிர்பார்த்தார் என்று. ஒருவேளை நான் சொல்ல வேண்டும் என்றே கேட்டாரோ என்னவோ. வெள்ளக்கடை நோயாளிக்காகக் குரல் உடைந்த மனுஷன்தானே அவரும். உறை என் கையில் இருந்தது.

"இல்லீங்கய்யா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. உள்ளே திரும்பி மனைவியிடம் எனக்குக் காபி போடச் சொன்னார். பாலில் போட்ட, அவர்கள் தோட்டத்துக் கொட்டையில் அரைத்த காபி. நான் உட்கார்ந்து முழுக்கக் குடித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு இறங்கினேன்.